சொல்லாமற் சொல்லியவற்றின் பொறுப்பு

கேமரன் மலைக்கு வரும் பயணிகளுள் சற்றே வயது முதிர்ந்தோர் தானா ராத்தாவில் இறங்கியதும் கேட்கும் வினா ஒன்றுண்டு: "ஜிம் தாம்சனைக் கொன்றவர் யாரென்று கடைசியில் தெரிந்ததா?" தாய்லாந்துப் பட்டின் புகழை உலகெங்கும் பரப்பிய அமெரிக்கர் அவர். 1967ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 26ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, இவ்வூரின் மூன்லைட் பங்களாவில் விருந்தினராகத் தங்கியிருந்தவர், பிற்பகலில் வெளியே சென்றார், மீளவில்லை. காவலரும் படையினரும் காட்டை நன்கறிந்த பூர்வகுடியினரும் பல நாள் தேடினர். 1974இல் அவர் சட்டப்படி இறந்தவராக அறிவிக்கப்பட்டார். அவருக்கு நேர்ந்தது இன்னதென்பது இன்றளவும் துலங்கவில்லை.

பயணியின் வினாவுக்கு நாம் "தெரியவில்லை" என்று விடையிறுப்போம். அவ்விடை உண்மையான விடை போலத் தோன்றும். ஆயினும் அதைச் சொன்ன அளவிலேயே கொலை நடந்தது என்பதை நாம் ஒப்புக்கொண்டவர்களாகிறோம். "தெரிந்துவிட்டது" என்று சொல்லியிருந்தாலும் அதே ஒப்புதல்தான். ஆம் என்றாலும் இல்லை என்றாலும் அசையாமல் நிற்கும் ஒரு செய்தி அவ்வினாவின் அடியில் கிடக்கிறது. வினவியவர் அதைக் கூறவில்லை. நாமும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. எனினும் இருவருக்கும் இடையே அது முடிந்த முடிபாகிவிட்டது. இத்தகைய செய்தியை மொழிப் பொருளியலார் முன்கோள் என்பர். கூற்றுக்கு முன்னரே கொள்ளப்பட்டது என்பது பொருள்.

இப்பொருளை முதலில் கூர்ந்து நோக்கியோருள் ஒருவர் ஜெர்மானிய அறிஞர் பிரேகே. கெப்ளர் என்னும் வானியலார் வறுமையில் இறந்தார் என்னும் தொடரை அவர் 1892இல் எடுத்துக்காட்டினார். கெப்ளர் என்று ஒருவர் இருந்தார் என்பது அத்தொடரின் பொருளுள் ஒரு கூறாயின், அதனை மறுப்பவர், "கெப்ளர் வறுமையில் இறக்கவில்லை, அல்லது அப்பெயருக்குரியவர் எவருமிலர்" என்றன்றோ மறுக்க வேண்டும்? எவரும் அவ்வாறு மறுப்பதில்லை. ஆகவே பெயருக்குரியவர் உளர் என்பது கூறப்படுவது அன்று, கொள்ளப்படுவது என்று அவர் துணிந்தார். 1905இல் ரசல் இதனை உடன்படவில்லை. பிரான்சு நாட்டில் மன்னரே இல்லாதபோது "பிரான்சின் இன்றைய மன்னர் வழுக்கைத் தலையர்" என்பது பொய் என்றே அவர் சொன்னார். 1950இல் ஸ்ட்ராசன், அது மெய்யுமன்று பொய்யுமன்று, அவ்வினாவே அங்கு எழாது என்றார். இவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. என்னளவில் ஸ்ட்ராசன் பக்கமே சாய்வேன். ஏன் என்பதைக் கோவலன் கதையிற் காண்போம்.

இவ்வாராய்ச்சி முழுவதும் மேலைநாட்டாருடையதே என்று மயங்க வேண்டுவதில்லை. தொல்காப்பியர் இடைச்சொற்களை ஆராயுமிடத்தில் உம்மைக்கு எட்டுப் பொருள் வகுத்தார். நன்னூலாரும் எட்டே கூறினார். அவற்றுள் ஒன்று எச்சவும்மை. "சாத்தனும் வந்தான்" என்றால், சாத்தன் வந்தது கூறப்படுகிறது. பிறன் ஒருவன் வந்ததோ வரவிருப்பதோ தழுவப்படுகிறது. இறந்தது தழுவியது, எதிரது தழுவியது என அதனையும் இரண்டாகப் பகுத்தனர் உரைகாரர். "சாத்தனும் வந்தானா?" என்று வினாவாக்குக, "சாத்தனும் வந்தால் புறப்படலாம்" என்று நிபந்தனையாக்குக. தழுவப்பட்டது நழுவுவதில்லை. தழுவுதல் என்னும் அச்சொல்லைவிடப் பொருத்தமான கலைச்சொல் இதற்கு வேறெம்மொழியிலாவது உண்டா என ஐயுறுகிறேன்.

சிறப்பும்மை இன்னும் நுட்பமானது. அதிலும் உயர்வு சிறப்பு, இழிவு சிறப்பு என இரண்டு. இதன் கொடுமையை இலக்கண நூலைவிடப் பள்ளி மண்டபத்தில்தான் நான் நன்கு கற்றேன். யு.பி.எஸ்.ஆர். தேர்வு நடந்துவந்த காலம் அது; அத்தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. தோட்டத்துப் பள்ளியொன்றின் பரிசளிப்பு விழாவில் தலைமை தாங்கிய பெரியவர், முகம் மலர, "தோட்டத்துப் பிள்ளைகளும் ஏழு ஏ எடுத்திருக்கிறார்கள்!" என்றார். மண்டபம் கைதட்டியது. ஆசிரியர்களும் தட்டினோம். அப்பாராட்டுக்குள் ஓர் இழிவு சிறப்பும்மை இருந்தது. எடுக்கமாட்டார்கள் என்று எண்ணத்தக்கவர்களுள் கடைசி வரிசையிலிருப்போர் என்று பிள்ளைகளை நிறுத்தி வைத்தபின்பே அத்தொடர் அவர்களைப் புகழ்ந்தது. அதனை மறுப்பது எப்படி? "இல்லை" என்று எழுந்து சொன்னால், பிள்ளைகள் ஏழு ஏ எடுக்கவில்லை என்றாகிவிடும். மறுப்பு கூற்றின்மேற் பாயுமேயன்றி அதன் அடியில் கிடப்பதன்மேற் பாயாது. கொழுந்து கிள்ளும் தாய் ஒருவர், எனக்கு முன்வரிசையிலிருந்து, பக்கத்திலிருந்தவரிடம் மெல்லக் கேட்டார்: "எடுக்க மாட்டாங்கன்னு யாரு சொன்னது?" பெரியவருடைய தொடருக்கு உரிய விடை அஃதொன்றே. மெய்யா பொய்யா என்று அவர் பார்க்கவில்லை. சொல்லப்படாததை இழுத்து வெளியே போட்டார்.

இதுவரை கூறியது தனித்தொடர். தொடர்கள் பல இணைந்து கூட்டுத்தொடராகும்போது ஒவ்வொன்றின் முன்கோளும் என்னாகும் என்பதே அறிஞர்களை நெடுநாள் அலைக்கழித்த வினா. உறுப்புத் தொடர்களின் முன்கோள்கள் அனைத்தும் முழுத்தொடருக்கும் உரியவாகும் என்று லாங்கெண்டோன், சாவின் ஆகிய இருவரும் 1971இல் எளிதாக முடித்தனர். அது பொருந்தவில்லை. "கொழுந்து நன்றாக விளைந்தால், கந்தன் தன் கடனை அடைத்துவிடுவான்" என்க. கந்தனுக்குக் கடனுண்டு என்பது கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. "கந்தனுக்குக் கடன் இருந்தால், கந்தன் தன் கடனை அடைத்துவிடுவான்" என்க. கடனுண்டா இல்லையா என்பது தெரியவில்லை. பிற்பகுதி இரண்டிலும் ஒன்றே, சொல்லும் மாறவில்லை. எனினும் முன்னதில் மேலெழுந்த முன்கோள் பின்னதில் நின்றுவிட்டது. "ஒன்று, கந்தனுக்குக் கடனே இல்லை, அல்லது தன் கடனை அவன் மறைக்கிறான்" என்பதிலும் அவ்வாறே நிற்கிறது.

பின்லாந்து நாட்டவரான லௌரி கார்ட்டுனன் 1973இல் இதற்கொரு வழி கண்டார். தொடரை ஆளும் சொற்களை அவர் மூவகையாக்கினார். சில துளைகள், முன்கோள் அவற்றினூடே தடையின்றி வெளியேறும். எதிர்மறையும் வினாவும் அத்தகையன. சில அடைப்புகள்; "என்று சொன்னான்" போல்வன. பிறர் கூற்றின் முன்கோளைச் சொல்பவன் தலையில் ஏற்றாமல் தடுப்பன அவை. "ஆயின்", "அல்லது" முதலாயின வடிகட்டிகள். சிலவற்றை விடும், சிலவற்றை நிறுத்தும். இங்குள்ள தேயிலைத் தொழிற்கூடத்தில் உலர்ந்த இலையைச் சல்லடையிலிட்டுத் தரம் பிரிப்பதைக் கண்டவர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். ஆனால் தேயிலைச் சல்லடைக்கு இலையின் அளவே கணக்கு. "ஆயின்" என்னும் சல்லடைக்கோ முன்னே என்ன சொல்லப்பட்டது என்பதே கணக்கு. பின்வருவதன் முன்கோள் முற்பகுதியிலேயே வெளிப்படையாக வைக்கப்பட்டிருந்தால் அது அங்கேயே நின்றுவிடும். வைக்கப்படாததோ சல்லடையில் சிக்காது. ஸ்டால்நேக்கர் 1974இல் இதற்குக் காரணமும் கூறினார். உரையாடுவோரிடையே பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டவை ஒரு களம் போல விரிந்துகொண்டே செல்கின்றன. "இருந்தால்" என்றவுடன் அக்களத்தில் தற்காலிகமாக ஒன்றை வைக்கிறோம். பின்வரும் தொடர் அதன்மேல் நின்றுகொள்கிறது. நமது நம்பிக்கையின்மேல் நிற்க அதற்குத் தேவையில்லை.

இது வெறும் இலக்கண விளையாட்டு என்பார்க்கு ஒரு மரணத்தைக் காட்ட விரும்புகிறேன்.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில், கோவலன் தன் மனைவியின் காற்சிலம்பு ஒன்றை விற்க மதுரைக்குச் செல்கிறான். அவன் அணுகிய பொற்கொல்லனே முன்னர் அரண்மனைச் சிலம்பைக் கவர்ந்தவன். அப்பழியை இறக்கிவைக்க ஏற்ற தோள் கிடைத்ததென்று அவன் அரசனிடம் விரைகிறான். கன்னக்கோலும் கவைக்கோலும் இன்றி மந்திரத்தால் அரண்மனைச் சிலம்பைத் திருடிய கள்வன் என் குடிலில் இருக்கிறான் என்கிறான். ஊடிய தேவியைத் தணிக்க விரைந்துகொண்டிருந்த பாண்டியன், காவலரை அழைத்துக் கட்டளையிடுகிறான். அதன் கருத்து இது: தேவியின் சிலம்பு அக்கள்வன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று சிலம்பைக் கொணர்க.

இக்கட்டளை நிபந்தனையோடு கூடியது. அரசன் ஆராயாமல் கொல்லச் சொல்லவில்லை, "ஆயின்" என்றான் என்று அவனுக்காக வழக்காடுவோர் உண்டு. "கொல்ல" என எண்ணியவன் ஊழ்வயத்தால் "கொன்று" என வாய்தவறினான் என்னும் விளக்கத்தை உரைமரபிற் காண்கிறோம். அதுவும் சுவையான விளக்கமே. ஆயினும் பிழை "கொன்று" என்னும் வினையெச்சத்தில் இல்லை. அதற்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது என்பது என் கருத்து. அரசன் நிபந்தனைக்குள் வைத்தது சிலம்பு அங்கிருக்கிறதா என்பதை மட்டுமே. அவன் கள்வன் என்பதை வைக்கவில்லை. அது "கள்வன்" என்னும் பெயராக நிபந்தனையின் உள்ளேயே அமர்ந்து, "ஆயின்" என்னும் சல்லடையைத் தடையின்றிக் கடந்துவிட்டது. "அவன் கள்வனாயின், அவன் கையிலிருப்பது தேவியின் சிலம்பாயின்" என்று சொல்லியிருந்தால், கள்வன் என்பதும் ஆராயப்பட வேண்டிய பொருளாகியிருக்கும். காவலர் அதனை முதலில் விசாரித்திருக்க வேண்டும். எழுத்தெண்ணிப் பார்த்தால் நான்கைந்து எழுத்துகள்தாம் கூடியிருக்கும்.

அவ்விடத்தில் ஸ்ட்ராசனை நினைக்கிறேன். அவன் கள்வன் அல்லனாயின், அரசனின் கட்டளை மீறப்பட்டதுமன்று, நிறைவேற்றப்பட்டதுமன்று. பொருந்துமிடமே அதற்கு இல்லாமற் போயிற்று. ஏட்டில் அப்படி ஒரு தொடர் வெறுமனே தொங்கிக் கிடக்கலாம். மதுரைத் தெருவில் அது வாளாகிவிட்டது. காவலரும் உடனே வெட்டிவிடவில்லை என்பதை இளங்கோவடிகள் மறவாமற் பதிகிறார். இவன் கொலைப்படு மகன் போலத் தோன்றவில்லை என ஐயுற்றனர். அதற்குப் பொற்கொல்லன் தந்த விடை, இவன் கள்வன் என்பதற்குச் சான்றன்று. கள்வர் கையாளும் எட்டு வழிகளை அவன் விரித்தான். கள்வர் இத்தகையர், ஆகவே இவன் தோற்றத்தை நம்பாதீர் என்றான். இளைஞன் ஒருவன் தான் கண்ட ஒரு கள்வனின் கதையைச் சொன்னான். இத்தனை பேச்சிலும் இவன் கள்வனா என்னும் வினா மட்டும் இல்லை. கல்லாதவன் ஒருவன் வாளை ஓங்கினான்.

வழக்குரை காதையில் கண்ணகி வந்து நிற்கும்போது, பாண்டியன் அவளுக்குக் கூறும் விடை, கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று என்பது. அது பொதுநீதி, அக்கால முறைப்படி யார் மறுப்பார்? கண்ணகியும் மறுக்கவில்லை. அந்நீதி கோவலனுக்குப் பொருந்த வேண்டுமாயின் எது முன்னரே மெய்யாக இருந்தாக வேண்டுமோ அதன்மேல் அவள் கைவைத்தாள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். எம் சிலம்பின் பரல் முத்து என்றான் அரசன். உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தது. பின் அவன் தன்னையே கள்வன் என்று சொல்லி வீழ்ந்ததை யாவரும் அறிவர். "கள்வன்" என்னும் பெயர் அங்கே முதன்முறையாகக் கூற்றாக வருகிறது. அதுவரை அது யாராலும் சொல்லப்படாமல், எல்லாராலும் கொள்ளப்பட்டிருந்தது.

இங்கு எழும் அறவினா இது: ஒருவர் கூறாது கொண்டவற்றுக்கு அவர் பொறுப்பாவாரா? "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்பது நம்மிடையே மலிந்த தற்காப்பு. சொல்லாமைக்குப் பொறுப்பில்லை என்பதே அதன் உட்பொருள். என்னால் அதனை ஏற்க இயலவில்லை. கூறியதைக் கேட்பவர் எதிர்க்கலாம், ஐயுறலாம், சான்று கேட்கலாம். கொண்டதை எதிர்க்க வேண்டுமாயின் உரையாடலையே நிறுத்த வேண்டும், "பொறுங்கள்" என்று குறுக்கே நிற்க வேண்டும். டேவிட் லூயிஸ் 1979இல் இதனைத் தெளிவாகக் காட்டினார். ஒரு தொடர் பொருள்பட ஒரு முன்கோள் வேண்டுமாயின், எவரும் தடுக்காத அளவில் அம்முன்கோள் அக்கணமே களத்தில் வந்து அமர்ந்துகொள்ளும் என்றார். யார் தடுப்பார்? தலைமை தாங்குபவரை மண்டபத்திலிருப்பவர் தடுப்பதில்லை. துரையைக் கங்காணியும், கங்காணியைக் கொழுந்து கிள்ளுபவரும், ஆசிரியரை மாணவனும் தடுப்பதில்லை. அரசனைக் காவலர் தடுக்கவில்லை. ஆகவே அதிகாரம் உயர உயர, சொல்லாமற் கொண்டதற்கான பொறுப்பு கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை. வாய்மையை வள்ளுவர் விளங்கவைக்கும்போது சொல் நடந்ததோடு ஒத்திருக்கிறதா என்று மட்டும் பாராமல், அதனால் தீமை விளைகிறதா என்றும் பார்த்ததை ஈண்டு நினைக்கலாம்.

சட்டம் இவ்வபாயத்தை ஒருவாறு உணர்ந்திருக்கிறது. மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் 141 முதல் 143 வரையுள்ள பிரிவுகளில், விடையைத் தானே உணர்த்தும் வினாக்களை வரையறுத்து, தன் சாட்சியிடம் அவற்றைக் கேட்பதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. குறுக்கு விசாரணையிலோ அவற்றுக்கு இடம் தருகிறது. அங்கேனும் எதிர்ப்பதற்கு ஒரு வழக்கறிஞர் உண்டு. வகுப்பறையில் அவரும் இல்லை.

நான் பயிற்சி ஆசிரியனாக இருந்த பள்ளியில் ஒரு வகுப்பில் பணம் காணாமற்போயிற்று. வகுப்பாசிரியர் ஒரு பையனை எழுப்பி, "எடுத்த காசை எங்கே வைத்தாய்?" என்றார். "எங்கேயும் வைக்கலை, சார்" என்றான் அவன். "அப்படியானால் எடுத்தாய், வைக்கத்தான் இல்லை" என்று வகுப்பு சிரித்தது. மறுநாள் பணம் வருகைப் பதிவேட்டின் தாள்களுக்கிடையே கிடைத்தது. பையன் செய்த குற்றம், கேட்ட வினாவுக்கு விடை கூறியது ஒன்றுதான். பத்து வயதுப் பிள்ளை, "உங்கள் வினாவின் அடிப்படையே தவறு, ஐயா" என்று சொல்லக் கற்றிருக்குமா?

நினைவும் இதற்குத் தப்புவதில்லை. லாப்டசு, சான்னி ஆகிய அமெரிக்க உளவியலார் 1975இல் சிலருக்கு விபத்துப் படமொன்றைக் காட்டினர். அதிலில்லாத உடைந்த விளக்கைப் பற்றிச் சிலரிடம், அது இருந்ததை முன்கொண்டு கேட்டனர். சிலரிடம் அங்ஙனம் முன்கொள்ளாது கேட்டனர். முன்னவருள் கண்டதாகச் சொன்னோர் மிகுதி. ஆங்கிலத்தில் ஒரு சிறு சுட்டடை செய்த வேலை அது. தமிழில் அவ்வேலையை இரண்டாம் வேற்றுமை உருபு செய்யவல்லது. "காசு ஏதும் கிடந்ததா?" என்று கேட்பதும், "கிடந்த காசைப் பார்த்தாயா?" என்று கேட்பதும் ஒன்றல்ல.

அடைப்புச் சொற்களைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். "கந்தன் திருடினான் என்று கங்காணி சொன்னார்" என்னும்போது, திருட்டுக்குக் கங்காணியே பொறுப்பு. "கந்தன் திருடியதைக் கங்காணி சொன்னார்" என்றால், திருட்டு நடந்தே விட்டது; கங்காணி அதைத் தெரிவித்தவர் மட்டுமே. "என்று" அடைக்கிறது, "அதை" திறந்துவிடுகிறது. "கந்தன் தான் திருடியதை மறுத்தான்" என்று எழுதும் செய்தியாளர், மறுத்தவனையே கள்வனாக்கிவிடுகிறார். "தான் திருடவில்லை என்றான்" என எழுதுவதற்கு அதிக மை செலவாகாது. ஊர்வாயில் வழங்கும் "திருடினானாம்" என்பதோ அடைப்புப் போலத் தோன்றும் ஓட்டை. நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது என்று அது கைகழுவும். செய்தியோ போய்ச் சேர்ந்துவிடும்.

இக்காரணம் பற்றியே, எம் பள்ளியின் கட்டொழுங்குப் பதிவேட்டில் ஆசிரியர்கள் எழுதும் தொடர்களை நான் படித்துப் பார்ப்பது வழக்கம். "மீண்டும் தாமதமாக வந்தான்" என்றிருந்தால், முதன்முறை எந்நாள் என்று கேட்பேன். "பொய் சொல்வதை இன்னும் நிறுத்தவில்லை" என்றிருந்தால், எப்பொய், யார் கேட்டது, யார் ஆராய்ந்தது என்று கேட்பேன். இளைய ஆசிரியர் சிலருக்கு இது எரிச்சலூட்டுகிறது. ஒரு சொல்லுக்கா இத்தனை விசாரணை என்கின்றனர். "மீண்டும்" என்பதை அடித்துவிட்டு, நாளும் நேரமும் குறித்து, கண்டதைக் கண்டவாறு எழுதித் தருகின்றனர். அத்தொடர் நீளமாகவும் சுவையற்றும் இருக்கிறது. படிக்கும் பெற்றோர், "இல்லை, அன்று பேருந்து வரவில்லை" என்று மறுக்கத்தக்கதாகவும் இருக்கிறது.